அன்னமுத்துவின் கைராசியும் இரண்டு பெட்டை முயல்களும்

என் அக்கா அன்னமுத்துவைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. நெடுந்தீவில் மாடு வைத்திருக்கிற, எழுத வாசிக்கத் தெரியாத, கொடுப்புக்குள் எப்போதும் வெற்றிலை அடக்கிய ஒரு மனுஷியைப் பற்றி எவன் எழுதுவான்? ஆகவே நானே எழுதுகிறேன். என் பெயர் மேரிஜோசப்பின். ஊர்காவற்றுறையில் மடத்துப் பள்ளிக்கூடமொன்றில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிவரி சொல்லிக்கொடுக்கிறவள். எனக்குக் கோபம் கெதியில் வரும் என்று அங்கே ஒரு பெயர் இருக்கிறது. வரட்டுமே, அதற்கென்ன?

அக்கா என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். அவள் செய்கிற ஒரு வேலையைத் தீவில் வேறு யாரும் அவ்வளவு சுத்தமாகச் செய்யமாட்டார்கள். கன்று செத்த பசுவிடம் தாய் செத்த கன்றைச் சேர்த்துவிடுவாள். லேசான காரியமென்று நினைக்க வேண்டாம். பசு மணந்து பார்க்கும். தன் பிள்ளை இல்லையென்று தெரிந்தால் உதைத்துத் தள்ளும். அக்கா செத்த கன்றின் தோலை எடுத்து உயிரோடிருக்கிற கன்றைத் தலையிலிருந்து வால்வரை தேய்ப்பாள். அதன்மேல் உப்புத் தண்ணீர் தடவுவாள். பிறகு பக்கத்தில் குந்தியிருந்து பசுவோடு ஊர்க்கதை கதைப்பாள். பசு உப்பை நக்கும். நக்க நக்க அது தன்னுடையது என்ற எண்ணம் வரும். இரண்டு மூன்று நாளில் கன்று முட்டி முட்டிக் குடிக்கும். கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர் என்றில்லாமல் எல்லாப் பட்டிகளிலிருந்தும் அவளைத் தேடி ஆள் வரும். "அன்னமுத்துவின்ரை கைராசி" என்று அதற்குப் பெயர்.

1936ஆம் ஆண்டு மாசி மாதம் அந்தக் கைராசி போய்விட்டது என்று ஊர் சொன்னது.

மேற்கில் பெரிய பட்டி வைத்திருந்தவர் ஆழ்வாப்பிள்ளை. அவருடைய பட்டியில் ஒரே கிழமையில் ஒரு பசு கன்றைப் பறிகொடுத்தது. இன்னொரு கன்று தாயைப் பறிகொடுத்தது. அக்கா போய் வழக்கம்போல எல்லாம் செய்தாள். பொழுதுபடப் பசு அந்தக் கன்றை நக்கியதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். அடுத்த நாள் அதே பசு அதே கன்றை உதைத்துக் கல்வேலியோடு எறிந்தது. கன்று மூன்றாம் நாள் செத்துப்போனது. ஆழ்வாப்பிள்ளை வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிற மனிதர் இல்லை. "அன்னமுத்துவின்ரை கை விட்டுப்போச்சு. இனி அவளைப் பட்டிக்குள்ளை விட்டால் இருக்கிறதும் போகும்" என்று சந்தையிலும் இறங்குதுறையிலும் சொல்லித் திரிந்தார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அக்காவைத் தேடி ஆள் வருவது நின்றது. அது போகட்டும் என்றால், அவள் தன் சொந்தக் கன்றுகளுக்குக் கிட்டப் போகவும் பயந்தாள். மாட்டு வேலை முழுவதையும் தன் புருஷன், என் அத்தானின் தலையில் போட்டுவிட்டாள். "என்ரை கையாலை ஒரு சீவன் போச்சு" என்பாள். 

வைகாசியில் நான் காய்ச்சலில் கிடந்து எழும்பினேன். ஒரு மாத லீவு தந்தார்கள். வீட்டுக்குப் போகும்போது அக்காவுக்குப் பராக்காக ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று யோசித்து, மடத்தில் வளர்த்த முயல்களில் இரண்டைக் கேட்டு வாங்கினேன். ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். வெவ்வேறு கூட்டில் வளர்ந்தவை. குசினியில் வேலை செய்த பரிமளம், ஒன்று கடுவன் மற்றது பெட்டை என்று சத்தியம் பண்ணித் தந்தாள். குட்டி போடும், அக்கா குட்டிகளோடு மினக்கெடுவாள் என்பது என் கணக்கு.

அக்கா இரண்டையும் ஒவ்வொன்றாகப் பிரட்டிப் பார்த்தாள்.

"பிள்ளை, இரண்டும் பெட்டை."

"பரிமளம் சத்தியம் பண்ணினவள் அக்கா!"

"பரிமளம் சத்தியம் பண்ணினால் முசல் கடுவனாய்ப் போமோ?"

அத்தான் மனுவேல் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்தால் கடற்கரைக்குக் கேட்கும். பழைய வள்ளப் பலகையில் அவர் முன்கூட்டியே ஒரு கூடு செய்து வைத்திருந்தார். மரம் என்பது எங்கள் தீவுக்குக் கடல் தாண்டி வரவேண்டிய சாமான். இரண்டாவது கூட்டுக்குப் பலகை இல்லை. இரண்டையும் அதற்குள் விட்டோம். ஐயோ, அந்தச் சண்டையை என்னவென்று சொல்ல! பஞ்சுபோல மயிர் பறந்தது. வெள்ளை சாம்பலின் முதுகில் கடித்துத் தொங்கியது. சாம்பல் பின்காலால் அதன் வயிற்றில் உதைத்தது. பிரித்து எடுத்து ஒன்றைப் பனையோலைக் கடகத்தால் மூடிவைத்தோம்.

"குட்டியும் போடாது, ஒற்றுமையாயும் இராது" என்றார் அத்தான். "இது உதவாத சரக்கு. அந்தோனியார் பெருநாளுக்கு மண்டைதீவிலையிருந்து என்ரை ஆக்கள் வருகினம். சாம்பலைக் கறி வைப்பம்."

"விசர்க்கதை கதையாதையுங்கோ" என்றாள் அக்கா. "இரண்டும் ஒண்டாய் இருக்கும். நான் சேர்த்துவிடுறன்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்ததுபோல முகம் மாறியது. அத்தான் சிரிப்பை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். மாசிக்குப் பிறகு 'சேர்த்துவிடுறன்' என்ற சொல் அந்த வீட்டில் கேட்டதில்லை. பிறகு அவர் தன் வழக்கமான குரலுக்கு வந்தார்.

"சரி. பெருநாளண்டு விடிய இரண்டும் ஒரு கூட்டுக்குள்ளை கடிபடாமல் கிடந்தால் கிடக்கட்டும். இல்லையெண்டால் சாம்பல் சட்டிக்குள்ளை. ஓமோ?"

"ஓம்."

"தான் பிடிச்ச முசலுக்கு மூண்டு கால் எண்டு நிக்கிறாள் இவள்!"

"நாலு கால்தான் அத்தான். வடிவாய் எண்ணிப் பாருங்கோ" என்றேன் நான்.

பெருநாளுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. அடுத்த நாள் கிணற்றடியில் அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "பிள்ளை, இதுகளும் என்ரை கையிலை வாழாட்டி, நான் இனி ஒரு சீவனையும் தொடமாட்டன். சத்தியமாய்." அத்தானுக்கு அது கறிப் பேச்சு. அக்காவுக்கு அது சீவியப் பேச்சு என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

முதல் வேலையாகப் பனைமட்டையைச் சீவிக் கம்பிபோல ஆக்கி, கூட்டுக்கு நடுவில் ஒரு தட்டி கட்டினாள். மூக்கு போகும், பல் போகாது. நாளுக்கொருமுறை வெள்ளை படுத்த வைக்கலைச் சாம்பலின் பக்கமும், சாம்பல் படுத்ததை வெள்ளையின் பக்கமும் மாற்றிப் போட்டாள். வெள்ளை முதல் நாள் அந்த வைக்கலைக் காலால் வாரி எறிந்தது. இரண்டாம் நாளும் எறிந்தது. ஐந்தாம் நாள் அதன்மேல் படுத்துத் தூங்கியது. முள்முருக்கு இலையைத் தட்டிக்குக் குறுக்கே செருகிவிடுவாள். ஒன்று இந்த நுனியிலிருந்தும் மற்றது அந்த நுனியிலிருந்தும் தின்றுகொண்டு வரும். நடுவில் மூக்கும் மூக்கும் முட்டும்போது இரண்டும் திடுக்கிட்டு நிற்கும். அக்கா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒன்பதாம் நாள் இரண்டையும் வெறுங் கன்றுக்கொட்டிலுக்குள் விட்டாள். மறுபடியும் அதே சண்டை! அவள் விட்ட பிழை ஒன்றுதான். வெள்ளையை முந்தின கிழமையெல்லாம் அந்தக் கொட்டிலில்தான் மேயவிட்டிருந்தாள். வெள்ளைக்கு அது தன் சொந்தக் காணி. சாம்பல் வேலி பாய்ந்து வந்த கள்ளி. சும்மா விடுமா?

அன்று அக்கா சோறு தின்னவில்லை. கைகளை மடியில் போட்டபடி கொட்டில் வாசலில் இருந்தாள். நான் என்னென்னவோ ஆறுதல் சொன்னேன். காதில் போட்டுக்கொண்டாளா என்பது தெரியாது. திடீரென்று எழும்பி, "மாட்டை வள்ளத்திலை ஏத்தினால் என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? பள்ளிக்கூடத்துக்கு மாடு வாறதில்லை."

"தரையிலை கொம்பு முறியக் குத்துப்படுகிற நாம்பன் இரண்டும் வள்ளத்துக்குள்ளை கழுத்தோடை கழுத்தை வைச்சுக்கொண்டு நிக்கும். கடல் ஒருத்தற்றை காணியும் இல்லைப் பிள்ளை."

வள்ளக்கார லியோன் ஊர்காவற்றுறைக்கு ஆள் ஏற்றிப் போய்வருகிறவன். அடுத்த நாள் விடிய அவனுடைய வள்ளத்தில் ஏறினோம். "முசலுக்குக் கடற்பயணமோ!" என்று அவன் சிரித்த சிரிப்பில் ஏறியிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். அக்கா எவரையும் பார்க்கவில்லை. இரண்டு முயலையும் ஒரே கடகத்தில் போட்டு, மேலே இன்னொரு கடகத்தைக் கவிழ்த்துக் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோழகக் காற்று. கரையோர முருகைக்கல் பாரைத் தாண்டியதும் வள்ளம் ஏறி ஏறி விழுந்தது. என் வயிற்றில் இருந்ததெல்லாம் கடலுக்குப் போனது. கடகத்துக்குள் முதலில் ஒரு பரபரப்புக் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. "செத்துப்போச்சுதுகளோ?" என்றேன். "வாயைக் கழுவு" என்றாள் அக்கா.

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் மேல் கடகத்தை நீக்கிப் பார்த்தோம். எது வெள்ளை, எது சாம்பல் என்று தெரியாமல் ஒரே பந்தாகக் கிடந்தன. வெள்ளை தன் தலையைச் சாம்பலின் தாடைக்குக் கீழே செருகியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே சாம்பல் குனிந்து வெள்ளையின் கண்மடலை நக்கியது. அக்கா சிரித்தாள். மாசிக்குப் பிறகு அவள் பல்லை நான் அன்றுதான் கண்டேன்.

சேர்த்துவிட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அக்கா அப்படி நினைக்கவில்லை. புதுச்சோடி பத்துப் பன்னிரண்டு நாளைக்குப் பச்சைப்புண் மாதிரி என்றாள். கூட்டை அடுப்புச் சாம்பலும் உமியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, இருவரின் மணமும் இல்லாமல் ஆக்கிவிட்டுத்தான் உள்ளே விட்டாள். பிறகு கூட்டின் வைக்கலை ஒருநாளும் முழுவதாக மாற்றவிடமாட்டாள். பாதி புதிது, பாதி பழையது. "வீடு இரண்டு பேரிலும் மணக்கவேணும்" என்பாள். தண்ணீருக்கு இரண்டு சட்டி, தீனிக்கு இரண்டு இடம். ஒரே சட்டியால் வழக்கு வரக்கூடாதாம். ஒளிக்க வைத்த பெட்டிக்கு இரண்டு பக்கமும் வாசல் வெட்டுவித்தாள். ஒன்று துரத்தினால் மற்றது முட்டுப்படாமல் ஓட வேண்டுமே! சாம்பல் சிலவேளை வெள்ளையின் பின்னால் இரண்டு சுற்று ஓடும், மேலே ஏறிப் பார்க்கும். நான் கத்திக்கொண்டு ஓடுவேன். "சும்மா இரு. ஆர் பெரிசு எண்டு பேசி முடிக்கட்டும். மயிர் பறந்தால் மட்டும் விளக்குமாத்தை நடுவிலை வை. கையை வைச்சியோ, விரல் போகும்" என்பாள் அக்கா.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டளை இருந்தது. ஒன்றைத் தனியே எடுக்கக்கூடாது. எடுத்தால் இரண்டையும் எடுக்க வேண்டும். அத்தான்கூட அதற்குப் பயந்தார். கறிக்கென்று பார்த்த மனிதர், பட்டியிலிருந்து வரும்போது சால்வைக்குள் அறுகம்புல் ஒளித்துக்கொண்டு வருவதை நான் இரண்டுதரம் பிடித்தேன். "மாட்டுக்குப் பிடுங்கினது, மிஞ்சிப்போச்சு" என்றார். நல்ல மிச்சம்தான்.

கொடியேறியது. பெருநாள் வந்தால் எங்கள் பக்கத்தில் கழுவாத பொருள் இருக்காது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்போம், மாட்டைக் கடலுக்குள் இறக்குவோம், சட்டி பானை கதிரை வாங்கு எல்லாவற்றையும் தேய்ப்போம். அந்தோனியார் வரும்போது ஊத்தை இருக்கக்கூடாது. பெருநாளுக்கு இரண்டு நாள் முந்திக் காலையில் அக்கா நல்ல தண்ணீர் அள்ளத் தூரக் கிணற்றுக்குப் போனாள். நான் சுரூபத்தைத் துடைத்தேன், படச்சட்டங்களைக் கழுவினேன், கையில் வாசனைச் சவுக்காரத்தோடு கூட்டடிக்கு வந்தேன். வெள்ளையின் காலெல்லாம் மஞ்சள் பிடித்துக் கிடந்தது. மண்டைதீவு ஆட்கள் பார்த்து என்ன சொல்வார்கள்? சாம்பல் சாம்பல்தானே, ஊத்தை தெரியாது. வெள்ளையை மட்டும் எடுத்து, வாளித் தண்ணீரில் தோய்த்து, நுரை வரத் தேய்த்துக் கழுவினேன். வெயிலில் வைத்துத் துடைத்துக் கூட்டுக்குள் விட்டேன். நான் படித்தவள், பாருங்கள்.

சாம்பல் கிட்ட வந்து மணந்தது. பிறகு ஒரே பாய்ச்சல்! காதைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. நான் விளக்குமாறைத் தேடி ஓடி வருவதற்குள் வெள்ளை மயிரெல்லாம் இரத்தம். என் குளறலைக் கேட்டு அத்தான் ஓடி வந்து பிரித்தார். அவர் விரலிலும் ஒரு கடி.

அக்கா குடத்தோடு வந்து படலையில் நின்று பார்த்தாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்து, நடுங்கிக்கொண்டிருந்த வெள்ளையைப் பழஞ்சீலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தாள்.

"முசலைத் தண்ணியிலை போடுறதேயடி? குளிர்ந்து செத்துப்போமெல்லே! ஆர் உன்னை இதைக் கழுவச் சொன்னது?"

"நல்லதெண்டுதான் செய்தனான் அக்கா..." நான் அழுதேன். வெட்கத்தில் அழுதேன்.

அத்தான் விரலைச் சூப்பிக்கொண்டு, "முடிஞ்சுது கதை" என்றார். சொன்னாரே தவிர முகத்தில் சந்தோஷமில்லை.

அக்கா குனிந்து வெள்ளையின் முதுகில் மூக்கை வைத்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் வைத்தாள்.

"சவுக்காரம் மணக்குது. இது வேறை முசலாய்ப் போச்சு அதுக்கு" என்றாள். பிறகு அவள் முகம் ஒருமாதிரிப் போனது. "பிள்ளை, அந்தக் கன்று செத்துக் கிடக்கேக்கை அதின்ரை முதுகு மஞ்சளாய்க் கிடந்தது."

"எந்தக் கன்று?"

"ஆழ்வாப்பிள்ளை அண்ணையின்ரை. புதைக்கிறதுக்கு முதல் மஞ்சள் பூசினவையாக்கும் எண்டு நினைச்சு விட்டிட்டன். செத்த பிறகோ பூசினது? இல்லாட்டி முந்தியோ?"

வெள்ளையை அத்தானின் மடியில் வைத்தாள். "நான் வருமட்டும் கீழை விடப்படாது" என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்து நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். உச்சி வெயில். கல்வேலிகளுக்கு நடுவே அவள் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆழ்வாப்பிள்ளை வாசலில் நின்று ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அன்னமுத்து, இந்தப் பக்கம்?"

"உங்களோடை கதைக்க வரேல்லை அண்ணை. உங்கடை மருமேளிட்டை ஒரு சொல்லுக் கேக்கவேணும்."

மருமகள் கமலாதேவி புங்குடுதீவிலிருந்து முந்தின தையில்தான் கலியாணமாகி வந்தவள். சுத்தம், ஆசாரம் என்று பெரிய இடத்தில் வளர்ந்த பெண். ஈரக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பிள்ளை, மாசியிலை நான் கன்றைச் சேர்த்துவிட்டிட்டுப் போன பிறகு, ஆரும் அதைக் குளிக்க வாத்தவையோ?"

அவள் மாமனாரைப் பார்த்தாள். நிலத்தைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"ஓம் அக்கா. நான்தான். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. செத்ததின்ரை தோல் தேய்ச்ச கன்று, வீட்டுக்குத் துடக்கு, தீட்டு எண்டு நினைச்சன். விடிய எழும்பி அரப்புத் தேய்ச்சு மஞ்சள் தண்ணி வாத்தனான். நல்லதெண்டுதான் அக்கா செய்தனான்."

"அதுக்குப் பிறகோ மாடு உதைச்சது? முந்தியோ?"

கமலாதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். "பிறகு" என்றாள் விரல்களுக்குள்ளால். "அதுவரைக்கும் நக்கிக்கொண்டு நிண்டது."

அக்கா அப்படியே நிலத்தில் குந்தியிருந்து ஓவென்று அழுதாள். "என்ரை கை இல்லை! அந்தோனியாரே, என்ரை கை இல்லை!" நாலு மாதம் நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போவதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது, அழுதேன். கமலாதேவியும் அழுதாள். ஆழ்வாப்பிள்ளை குழையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குழையை எடுத்து அவருடைய முதுகில் எறிந்திருப்பேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, கமலாதேவியின் தலையைத் தடவினாள். "நீர் அழாதையும் பிள்ளை. என்ரை தங்கச்சி மடத்திலை படிச்சவள். அவளும் இண்டைக்கு இதைத்தான் செய்துபோட்டு நிக்கிறாள்."

வீட்டுக்கு வந்தபோது அத்தான் விட்ட இடத்திலேயே இருந்தார். முயல் மடியில் நித்திரை. "கால் விறைச்சுப்போச்சு இஞ்சாரும், அசைஞ்சால் எழும்பிப்போமெண்டு இருக்கிறன்" என்றார் கிசுகிசுத்த குரலில். அவருக்குக் கிசுகிசுக்கத் தெரியும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

அக்கா வேலையைத் தொடங்கினாள்.  காதுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தொட்டுவைத்தாள். சாம்பல் சலம் விட்டு ஈரமாக்கிய பழைய வைக்கலை அள்ளி, வெள்ளையைத் தலையிலிருந்து வால்வரை தேய்த்தாள், கன்றைத் தேய்க்கிற அதே தேய்ப்பு. என் மூக்கைப் பொத்திக்கொண்டேன், வாயையும் பொத்திக்கொண்டேன். தேய்த்துவிட்டு வெள்ளையின் நெற்றியில் உப்புத் தண்ணீரைத் தொட்டுத் தடவினாள். இரண்டையும் கடகத்தில் போட்டு மடியில் வைத்து, வள்ளம் ஆடுவதுபோல ஆட்டிக்கொண்டே கதை சொன்னாள். யார் வீட்டில் எந்த மாடு ஈன்றது, யார் யாரோடு கோபம் என்று ஒன்றும் விடவில்லை. சாம்பல் முதலில் முறைத்தது. பிறகு மணந்தது. பிறகு நெற்றியை ஒருதரம் நக்கியது. அன்று அவ்வளவுதான், தட்டி போட்டுப் படுக்கவிட்டாள். அடுத்த நாளும் அதே கடகம், அதே உப்பு, அதே ஊர்க்கதை. பொழுதுபடுகிற நேரம் அக்கா என்னைக் கையால் கூப்பிட்டாள்.

"பார் பிள்ளை. உப்பு முடிஞ்சுது. இன்னும் நக்குது."

பெருநாளன்று விடிய நாலுபேர் கூட்டடியில் நின்றோம்: அக்கா, நான், அத்தான், தான் பந்தயத்துக்குச் சாட்சி என்று சொல்லிக்கொண்டு வந்த லியோன். முயல்கள் விலாவோடு விலா ஒட்டிக் கிடந்தன. வெள்ளை எழும்பிச் சோம்பல் முறித்துவிட்டுச் சாம்பலின்மேலேயே திரும்பச் சரிந்தது. அத்தான் போய் இரண்டு சேவலைப் பிடித்தார்.

பூசை முடிந்து மண்டைதீவு ஆட்கள் வீட்டுக்கு வந்தபோது அவருடைய வாய் திறந்ததுதான், மூடவில்லை. "இரண்டும் பெட்டை! கண்டால் கொலை விழும்! என்ரை மனிசி சேர்த்துவிட்டவள்!" என்று ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கறி வைக்கச் சொன்னது யார் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. நானும் பெருநாள் என்றபடியால் விட்டுவிட்டேன்.

சனம் பந்திக்கு இருக்கிற நேரம் படலையில் ஆழ்வாப்பிள்ளை நின்றார். சால்வையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். வேர்த்து ஊற்றியது. அக்கா கையில் அகப்பையோடு வெளியே வந்தாள். 

"அன்னமுத்து" என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக. "பிழை எங்கடை வீட்டிலை. உம்மடை கையிலை இல்லை. எங்கெங்கை நிண்டு நான் உம்மைப் பற்றிச் சொன்னனோ, அங்கையெல்லாம் நேற்றும் இண்டைக்கும் போய் நிண்டு மாறிச் சொல்லிப்போட்டுத்தான் இஞ்சை வாறன். சந்தையிலை சொன்னன். துறையிலை சொன்னன். கோயில் வாசல்லை உங்கடை சனத்துக்கும் சொன்னன்."

  அவரைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் மனத்துக்குள் மெதுவாகத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

"இன்னுமொண்டு" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "எங்கடை சிவலைப் பசு நேற்றுத் தலைக்கன்று போட்டது. கன்றைக் கிட்ட விடுகுதில்லை. கேக்க எனக்கு முகமில்லை. ஆனால் கன்று பசியிலை கிடக்குது."

"குளிக்க வாத்தியளோ?" என்றாள் அக்கா உடனே.

"இல்லை, இல்லை! ஒருத்தரும் தொடேல்லை! மருமேள் கொட்டில் வாசல்லை தடியோடை காவல் நிக்கிறாள், என்னையும் உள்ளை விடுகிறாளில்லை!"

முற்றம் முழுவதும் சிரித்தது. அக்கா அகப்பையை என் கையில் தந்தாள். விருந்தாளிகள் பந்தியில், சோறு போட்ட இலைகள் முன்னால். அவள் எதையும் பார்க்கவில்லை. சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆழ்வாப்பிள்ளைக்கு முன்னால் நடந்தாள். "இஞ்சாரும், ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போமன்!" என்று அத்தான் கத்தினார். திரும்பியும் பார்க்கவில்லை.

அவள் திரும்பி வரும்போது பின்னேரமாகிவிட்டது. விருந்தாளிகள் வள்ளத்துக்குப் போய்விட்டார்கள். அக்காவின் முகம் விளக்கேற்றினதுபோல இருந்தது. சிவலை கன்றை நக்கிவிட்டதாம். கன்று ஒரு முலையை முட்டிக் குடித்துவிட்டதாம். பொழுதுபட இன்னொருதரம் போகவேண்டுமாம். இன்னும் இரண்டு பட்டியிலிருந்து வழியில் மறித்துக் கேட்டார்களாம். காலையிலிருந்து வெறுவயிறு. நான் சோறு போட்டு முன்னால் வைத்தேன். அவள் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். முழங்கைவரை கன்றின் வழுவழுப்புக் காய்ந்து கிடந்தது.

"கழுவேலாது பிள்ளை" என்றாள். "இந்த மணத்தோடைதான் திரும்பப் போகவேணும்."

நான் பக்கத்தில் இருந்து, சோற்றைப் பிசைந்து உருட்டி, அவள் வாயில் ஊட்டினேன். அவள் இரண்டு கையையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல வாயைத் திறந்து திறந்து வாங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் சொதி விடு" என்றாள்.